என் முதுகைப் பார்க்க வந்தவர்கள்

இசைக் கல்லூரியில் வாத்தியக் குழுவை வழிநடத்தும் படிப்புக்கு இடம் கிடைத்ததும் அப்பாவிடம் சொன்னேன். பிரெஞ்சில் அந்த வேலைக்குப் பெயர் 'ஷெஃப் தோர்கெஸ்த்ர்'. மார்க்ஸ் டோர்மோய் வீதியில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வெங்காயம் வெட்டியே தோள் இறங்கிப்போன அப்பாவுக்கு முதற்சொல்லே போதுமாக இருந்தது.

"ஷெஃப் எண்டால் நல்லது பிள்ளை. உன்னை ஆரும் ஏசமாட்டினம். நீதான் ஏசுவாய்."

எங்கள் சனம் கடை போட்டிருக்கும் லா சப்பலில் செய்தி பரவியது. கலியாணம் பேசி வந்தவர்கள் எந்த ரெஸ்ரோறன் என்று கேட்டார்கள். "ஓபரா" என்றார் அம்மா. அந்தப் பெயரில் ஒரு கடைத்தெருவும் உண்டு; அந்தப் பக்கம் நல்ல வியாபாரம் என்று அவர்கள் மகிழ்ந்தார்கள்.

உண்மையில் நான், பாட்டாலேயே நாடகம் நடக்கும் ஓர் ஓபரா அரங்கில் உதவியாளர். பாடகர்களின் ஒத்திகைக்குப் பியானோ வாசிப்பேன். வாத்தியக் குழுவின் தலைமை நடத்துநருக்கு நோய் வந்தால் அவர் இடத்தில் நிற்கவேண்டும். அவருக்கோ நோயே வராது. எழுபதைத் தாண்டியும் படிகளில் ஓடித்தான் ஏறுவார்.

ஒரு மாரிகாலத்தில் ஒருவழியாக அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மாலைக் காட்சிக்கு நீங்கள்தான் என்றது நிர்வாகம். புகைப்படத்துக்குச் சேலை உடுத்த முடியுமா என்றும் கேட்டது. கறுப்புக் கோட்டே போதும் என்றேன். அவர்களின் முகம் வாடிவிட்டது.

அப்பா, அம்மா, பலசரக்குக்கடை மாமா மூவரும் வந்தார்கள். நடத்தும் கோலைத் தூக்கினேன். கடைசி அங்கத்தில் நாயகி சாகுமுன் ஒரு மௌனத்தை நீட்டிப் பிடித்தேன். அரங்கமே மூச்சை அடக்கியது. அதற்குள் மிக்சர் பையொன்று பிரியும் சத்தம். அது எந்தக் கடை மிக்சர் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் மாமா சொன்னார்: "பிள்ளை, நல்லாத்தான் இருந்தது. ஆனால் முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டெல்லே நிண்டனீர். காசு குடுத்து வந்த சனம் என்ன நினைக்கும்?"

"வாத்தியக்காரர் என்ரை முகத்தைப் பாக்கவேணும், மாமா."

"அவை சம்பளத்துக்கு வந்த ஆக்கள்தானே!"



எங்கள் தமிழ்ச் சங்கத்தார் புறநகரான பொபினியில் மண்டபம் எடுத்துப் பாராட்டு விழா வைத்தார்கள். சுவரொட்டியில் என் கையில் வீணை இருந்தது. பொன்னாடை போர்த்தியபின் ஒரு பாட்டை நடத்திக் காட்டச் சொன்னார்கள். மேடையில் இருந்தது ஒரு கீபோர்ட். தாளம் அதிலேயே தானாக ஓடியது. இந்தமுறை சபையைப் பார்த்து நிற்கவேண்டும் என்று மாமா கெஞ்சினார். நின்றேன். கையை மெதுவாக்கினேன், தாளம் தன்பாட்டில் ஓடியது. வேறு வழியில்லாமல் அதன் பின்னால் நான் ஓடினேன்.

சனம் எழுந்து நின்று கைதட்டியது. ஓபராவில் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல். வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

தலைமை நடத்துநர் எழுந்து வந்துவிட்டார். நான் மறுபடி பியானோவில் உட்கார்ந்தேன். அப்பா இப்போதெல்லாம் தொலைபேசியில் முதலில் அவரைத்தான் விசாரிக்கிறார்.

"மனுசனுக்கு இப்ப இடுப்பு எப்பிடி?"

"நல்ல சுகம், அப்பா."

"ஓ," என்பார், மிகுந்த கவலையுடன்.