பக்கத்து அறையில் வந்த என் பட்டியல்

நெய்வேலி நகரியத்தில் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனத்தில் எழுத்தராக இருக்கிறேன். மாலையில் கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். கம்ப்யூட்டர்களையும் பிரிண்டர்களையும் இணைக்கும் ரௌட்டரும், என் அறையிலும் பக்கத்து அறையிலும் உள்ள ஒரே ரகமான இரண்டு பிரிண்டர்களும் அதோடு அணைந்துவிடும். காலையில் எந்தப் பிரிண்டரை முதலில் போடுகிறோமோ, அதற்கு ரௌட்டர் முதல் ஐ.பி. எண்ணைக் கொடுக்கும். என் கம்ப்யூட்டர் அந்த எண்ணுக்குத்தான் அனுப்பும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

ஒருநாள், அடுத்த மாதம் வேலையிலிருந்து நிறுத்தப்படுபவர்களின் பட்டியலைப் பிரிண்ட் கொடுத்தேன். என் பக்கத்துப் பிரிண்டரில் தாள் வரவில்லை. மூன்று முறை அழுத்திப் பார்த்தேன்.

சற்று நேரத்தில், ஷிஃப்ட்டுக்கு வருபவர்கள் கையெழுத்துப் போடும் பக்கத்து அறையிலிருந்து, அங்கே வேலை பார்க்கும் சேகர் வந்தார். வழக்கமாக நான்தான் முதலில் போடுவேன்; அன்று அவர் தம் அறைப் பிரிண்டரை எனக்கு முன்பே போட்டிருக்கிறார்.

“மேடம், உங்க பேப்பர் எங்க மெஷின்ல வந்துகினே இருக்குதுங்க. வேற யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்தாந்துட்டேன்.” மூன்று தாள்களையும் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“நீங்க படிச்சீங்களா?”

“என் பேரு வரைக்குந்தாங்க.”

அவர் பெயர் ஐந்தாவதாக இருந்தது.

இரண்டு பிரிண்டர்களுக்கும் மாறாத எண்ணை மறுநாளே போட்டுவிட்டார்கள். நான் மாற்றிக்கொண்டது வேறு. இப்படிப்பட்ட பட்டியல் வந்தால், அதில் உள்ளவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் பிரிண்ட் கொடுக்கிறேன்.

– ஒரு வாசகி, நெய்வேலி