அழிக்கக் கூடாத ஒரு ஃபைல்

காந்தலூரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு ஜாவா நிரல் எழுதுகிறேன். அதுபோக, ஊர் விவசாயிகள் காய்கறியைப் பதிவு செய்யும் இணையதளமும் என் பொறுப்பு. அதை என் தலையில் கட்டியது அண்ணன். யார் எவ்வளவு காய் கொண்டுவருகிறார்கள் என்று காலையில் போனிலேயே பதிந்தால்தான் கொள்முதல் லாரியில் இடம். "என் தங்கச்சி செஞ்சது, நம்பிப் போடுங்க" என்று சொல்லிப் பழைய நோட்டை மூட வைத்ததும் அவன்தான்.

அதில் சின்னத் திருத்தம் செய்தாலும் முழுத் தொகுப்பையும் சர்வருக்கு ஏற்ற வேண்டும். மழை பெய்தால் இங்கே இணையம் படுத்துவிடும், ஏறுவது பாதியில் நின்றுவிடும். தொகுப்பு அவ்வளவு கனமானதற்குக் காரணம் நான்தான். முந்தைய வேலையிலிருந்து லைப்ரரி ஃபைல்களை, அதாவது பிறர் எழுதி வைத்த துணை நிரல்களை, ஒன்றுவிடாமல் அள்ளிப் போட்டிருந்தேன். சர்வரிலேயே ஏற்கெனவே இருப்பவை, ஒரே ஃபைலின் இரண்டு பதிப்புகள், சோதனைக்கு மட்டும் தேவைப்பட்டவை எல்லாம் உள்ளே கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, என் நிரலில் எங்கும் பெயர் வராதவற்றை எல்லாம் அழித்தேன். பிழை ஏதும் காட்டவில்லை. தொகுப்பு சட்டென்று ஏறியது, முகப்புப் பக்கமும் திறந்தது. அதற்கு மேல் சோதிக்கவில்லை. அவ்வளவு திமிர்.

மறுநாள் காலை கொள்முதல் நிலையத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

"பாப்பா, பதிவே ஆக மாட்டேங்குது. பத்து பேரு நிக்கிறாங்க."

பின்னால் யாரோ, "நோட்டே போதும்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

"டவர் இல்லண்ணே, மேகமா இருக்குல்ல, இப்ப வந்துரும்" என்று அண்ணன் அவரைச் சமாதானப்படுத்தினான். போனில் பேசிக்கொண்டே டவர் இல்லை என்று சொல்ல அவனால்தான் முடியும்.

சர்வர் பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவைத் திறந்தேன். தரவுத்தளத்தோடு இணைக்கும் ஃபைலைக் காணோம். அதன் பெயர் என் நிரலில் இல்லை, அமைப்புகளை எழுதி வைத்த தனி ஃபைலில் ஒரே ஒரு வரியில் இருந்தது. அங்கே நான் தேடவே இல்லை. அதைத் திரும்பச் சேர்த்து ஏற்றினேன். தொகுப்பு இளைத்திருந்ததால் சீக்கிரம் ஏறியது. லாரி கிளம்புமுன் எல்லோரும் பதிந்துவிட்டார்கள்.

மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்தான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

"டவர்ல கோளாறு ஒண்ணும் இல்லண்ணே. தப்பு என்னோடது. வேண்டியதையும் சேத்து அழிச்சுட்டேன்."

"தெரியும்" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டான். "டவர் ஃபுல்லா இருந்துச்சு. அவங்க போன்லயும்தான்."