கோலா பிலாவில் மழை

வழக்கு நாளில், அடிபட்டவர்களோடு போய்ப் பக்கத்தில் இருப்பது நான் செய்யும் தொண்டு. அன்று செல்வியோடு சிரம்பான் நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டுபவள் அவள். அங்கே வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மகன் அடித்து அவள் கையை முறித்திருந்தான். மண்டோருக்குப் பயந்து தோட்டத்தில் ஒருவரும் அவளோடு பேசுவதில்லை.

சாட்சிக்கூண்டில் ஏறியவள் அவனைப் பார்த்ததும் வாயடைத்துப்போனாள். நான் எழுந்து பேச முடியாது. கண்ணால் மட்டும் தைரியம் சொன்னேன். அது போதவில்லை.

அப்போது கதவு மெல்லத் திறந்தது. தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். ரப்பர் ஒட்டுப்பாலின் புளித்த வாடை அந்தக் குளிர்ந்த அறையில் மெதுவாகப் பரவியது. கனவுக்குள் இருப்பதுபோல் இருந்தது எனக்கு. செல்வி மூச்சை இழுத்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

வெளியே வந்ததும், "வேலைக்குப் போகலையாக்கா?" என்று அவர்களிடம் கேட்டாள்.

"அங்க ஒரே மழை லா. மழையில எப்படிப் பால் வெட்டுறது? சும்மாதான் வந்தோம்," என்றார் ஒருவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மாலையில் செல்வியைக் காரில் கொண்டுபோய் விட்டேன். தோட்டத்துச் செம்மண் பாதையில் புழுதி கிளம்பியது. மரம் மரமாக, பால் பிடிக்கும் மங்குகள் காய்ந்து கவிழ்ந்தபடியே இருந்தன. செல்வி கண்ணாடியை இறக்கிவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போதெல்லாம் யாரோடு நீதிமன்றம் போனாலும், அவர்கள் ஊரில் இன்று மழை பெய்யுமா என்றுதான் என் மனம் கேட்கிறது.