மச்சான் பிடித்த டியூப்

நாடு நாடாகச் சுற்றி, விநோதமான வழக்கங்களைப் படமெடுத்துச் சேர்ப்பது என் பைத்தியம். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் படகில் ஏறியதும் அதற்காகத்தான். கடலுக்கடியில் இருப்பவருக்குக் காற்று போகும் டியூப்பை, அவர் மனைவியின் அண்ணன்தான் பிடிப்பாராம்.

"வேற ஆள் பிடிச்சா என்னண்ணே?" என்று சிரித்தபடி கேட்டேன்.

"தங்கச்சி தாலில்லா இது! வேற ஆள நம்பி விட முடியுமா?" என்றார் அந்த மச்சான்.

அடடா, நல்ல தலைப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. போனைத் தூக்கி, "அண்ணே, இங்க பாத்து கொஞ்சம் சிரிங்க" என்றேன். அவரும் திரும்பினார். சட்டென்று அவர் கையிலிருந்த டியூப் கீழிருந்து வெடுக்கென இழுபட்டது. பாய்ந்து வந்து என்னைத் தள்ளினார். படம் நன்றாக விழ வேண்டுமென்று பின்னால் நகர்ந்த நான், அந்த டியூப்பை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கீழே இருந்தவர் திணறி மேலே வந்து, படகைப் பிடித்தபடி இருமினார். மன்னிப்புக் கேட்டேன். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மச்சான்தான் கண் கலங்கி அவரிடம் கெஞ்சினார்:

"நான் அங்கன திரும்புனத தங்கச்சிட்ட சொல்லிராத மாப்ள."

அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. அதில் அவர், நான் கேட்டுக்கொண்டபடியே, சிரித்துக்கொண்டிருக்கிறார்.