ரெத்தினபாய் டீச்சர் அமைதியானவர் அல்ல

தக்கலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ரெத்தினபாய் டீச்சர் காலமாகிவிட்டார். தலைமையாசிரியர் எழுதியிருந்தார்: ‘அதிர்ந்து பேசாதவர். அமைதியின் உருவம்.’ அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அந்தக் கைகளை அனுப்பியவர்கள் நீங்கள். அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

அவர் பிளஸ் ஒன்னுக்கு அரசியல் அறிவியல் எடுத்தார். பக்கத்து வகுப்பில் நான் தமிழ். நடுவே ஒரு தட்டி மட்டும்தான். அவர் கேள்வி கேட்டதும், பதில் தெரிகிறதோ இல்லையோ, பையன்கள் கை தூக்கிவிடுவார்கள். “கைய கீழ போடு மக்கா. அங்க இன்னும் ஒருத்தி யோசிச்சிட்டு இருக்கா” என்பார். பிறகு காத்திருப்பார். சில நாள் அந்தக் காத்திருப்பு எனக்கே பொறுக்காது. இந்த அம்மா எப்போது பாடத்தை முடிப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பஞ்சாயத்துத் தலைவியின் நாற்காலியில் அவள் புருஷன் உட்காருவதைப் பற்றிக் கேட்டார். வெகுநேரம் கழித்து தேங்காய்ப்பட்டணத்து ஷைனி எழுந்தாள். அந்த வருடத்தில் அவள் வாய் திறந்தது அன்றுதான். “எங்கம்மை துறைமுகத்துல அத்தன ஆம்பளைக்க நடுவுல நின்னு மீனு ஏலம் எடுப்பா. பஞ்சாயத்துல மட்டும் அவளுக்கு நாக்கு வராதா டீச்சர்?” என்றாள். யாரோ ஒருவன் அவளைப்போலவே இழுத்துப் பேசிக் காட்ட, வகுப்பே சிரித்தது. தட்டி அதிர டீச்சர் கத்தியது இன்னும் எனக்குக் கேட்கிறது. “சிரிச்சவன் எந்திரி. அவ கேட்டதுக்குப் பதில் சொல்லு. சிரிப்பு பதிலில்ல.” அதிர்ந்து பேசாதவராம்.

இழுத்துப் பேசிக் காட்டிய பையனின் அப்பா நான்கு பேருடன் வந்தார். டீச்சர் ஆண்பிள்ளைகளைப் பேசவிடுவதில்லை, பெண்பிள்ளைகளை வாயாடிகளாக்குகிறார் என்று புகார். தலைமையாசிரியர் அறையில் சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். “நீங்க பக்கத்து வகுப்பாக்கும். அன்னைக்கு என்ன நடந்ததுன்னு சொல்லுங்க டீச்சர்.” எனக்கு எல்லாம் தெரியும். வேலை போய்விடுமோ என்று பயந்து மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் டீச்சர் என் தோளைத் தொட்டார். “உனக்கும் யோசிக்க நேரம் வேணும்போல. நான் காத்திருக்கேன் மக்கா” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பிளஸ் ஒன்னை அவரிடமிருந்து பிடுங்கி ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தட்டிக்கு அப்பால் ஒரு பெண்குரல்கூட எனக்குக் கேட்கவில்லை. மூன்று வருடம் தினமும் ஸ்டாஃப் ரூமில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் ஆறு ஆண்கள் பேசினார்கள். ஆறு பேருக்கும் அவர் அமைதியானவர், பொறுமையானவர். பெண்களாகிய எங்களுக்கு வழக்கம்போல இறைவணக்கமும் நன்றியுரையும். நன்றியுரை என்னுடையது. மைக்கைப் பிடித்து, அன்று தலைமையாசிரியர் அறையில் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் தலைமையாசிரியர் கையை உயர்த்தி, “டீச்சர், இது இரங்கல் கூட்டமாக்கும்” என்றார்.

ரெத்தினபாய் டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லத்தான் மூன்று வருடமும் ஒரு சாவும் எனக்குத் தேவைப்பட்டன.

“கைய கீழ போடுங்க சார். இங்க ஒருத்தி இன்னும் பேசி முடிக்கல.”