கன்னத்தில் பூசிய திருநீறு

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த சில வாரங்களில் என் மகள் தாரணி சுவரில் தலையை மோதிக்கொள்ளத் தொடங்கினாள். அவளுக்கு ஆறு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு வரவில்லை. ஆனாலும் அதுவரை அவள் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதில்லை. சோற்றை ஒதுக்கினாள். பிடித்த ரொட்டியையும் துப்பினாள். சுவருக்கும் அவள் தலைக்கும் நடுவில் என் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் புறங்கை வீங்கிப்போனது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்து, பல்கலைக்கழகமும் போன முதல் ஆள் நான். பாயான் லெப்பாஸில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். இயந்திரம் நின்றால் எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதில் எனக்குப் பெருமை உண்டு. என் பிள்ளைக்கு எந்த இடம் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

ஏறாத கிளினிக் இல்லை. "ஆட்டிசம் பிள்ளைங்க இப்படித்தான் செய்யும்" என்றார்கள். தாரணி வாயைத் திறக்கவே மாட்டாள். அதனால் யாரும் வாயைப் பார்க்கவில்லை. பயிற்சி மையத்தில் இடம் கிடைக்கப் பல மாதம் ஆகும் என்றார்கள்.

என் மாமியாருக்கு மூட்டுவலி. மாலையில் விளக்கேற்றியதும் அவர் முட்டியில் நான் திருநீறு பூசிவிடுவேன். எங்கள் வீட்டில் எந்த இடம் வலித்தாலும் முதலில் அந்த இடத்தில் திருநீறுதான். அப்படிப் பூசும்போது ஒருநாள் அவர் சொன்னார்: "தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டு, இந்த வருசம் ஷிப்டுன்னு எடுக்காம விட்டுட்ட. முருகன் சும்மா விடுவானா?"

என் கணவர் சரவணன் குறுக்கே புகுந்தார். "முருகன் என்னம்மா டிராபிக் போலீஸா, சம்மன் குடுக்க? விடுங்கலா."

சிரிக்கவைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை சொன்னது உண்மையாக இருக்குமோ என்று பயந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை தாரணியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். பாதிப் படிகூட ஏற முடியவில்லை. அலறினாள், என்னைக் கடித்தாள். இறங்கி வந்த ஒரு பெண், "பிள்ளைய வளக்கிற லட்சணமா இது?" என்று என் காதில் விழும்படி சொன்னாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே பார்த்துக் கேட்டேன்: முருகா, அவள் பேச வேண்டாம், பாட வேண்டாம். எங்கே வலிக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை கொடு. இல்லையென்றால் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக்கொள்.

ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் மோதினாள். மறுநாளும் மோதினாள். சாமி அறைக்குள் போகவே எனக்கு மனம் வரவில்லை. அத்தையின் முட்டிக்காகத்தான் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்தேன்.

பூசிக்கொண்டிருந்தபோது சுவரில் கேட்ட சத்தம் நின்றது. தாரணி என் பக்கத்தில் வந்து நின்றாள். தானாக வந்து யாரையும் தொடாத பிள்ளை, என் மணிக்கட்டைப் பிடித்தாள். என் விரல்களைக் கிண்ணத்துக்குள் அமுக்கினாள். பிறகு அந்தக் கையைத் தூக்கித் தன் வலது கன்னத்தில் வைத்து அழுத்தினாள். நான் கையை எடுத்தேன். மறுபடியும் இழுத்து அதே இடத்தில் வைத்தாள்.

"ஐயோ, பல்லுலா!" என்று கத்தினார் அத்தை. "பிள்ளைக்குப் பல்லு வலிடி!"

தினமும் எங்களையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். வலிக்கும் இடத்தில் அம்மாவின் கை போகும் என்று தெரிந்துவைத்திருக்கிறாள்.

அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான பல் மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண். தாரணியை யாரும் அமுக்கிப் பிடிக்க அவர் விடவில்லை. தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மயக்க மருந்து கொடுத்து வாயைப் பார்த்தபோது இரண்டு கடைவாய்ப் பற்களின் வேரில் சீழ் கட்டியிருந்தது.

"வாயே திறக்காத பிள்ளை. எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்.

"நான் கண்டுபுடிக்கல டாக்டர். அவளே சொன்னா."

பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

அவர்தான் எங்களைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார். இப்போது தாரணி படங்களைத் தொட்டுக் காட்டிப் பசி, வலி, போதும் என்று சொல்லப் பழகுகிறாள். சுவர்ப் பக்கம் போவதில்லை. இந்த ஆண்டு கூட்டம் சேருமுன் விடியலிலேயே பால்குடம் எடுத்தேன். பயத்தால் எடுக்கவில்லை, நன்றிக்காக எடுத்தேன்.

அவள் இன்னும் பேசவில்லை. மோசமான நாட்கள் இன்னும் வருகின்றன. பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு அழும் அம்மாக்களே, மருத்துவரிடம் விடாமல் கேளுங்கள், முருகனிடமும் விடாமல் கேளுங்கள். பதில் வார்த்தையாகத்தான் வர வேண்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

நேற்று வேலை முடிந்து தலைவலியோடு வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாரணி கிண்ணத்தோடு வந்தாள். ஒரு பிடி அள்ளி என் நெற்றியில் அப்பினாள். கண்ணெல்லாம் திருநீறு. துடைக்கவே மனம் வரவில்லை.