பென்சில் குறி இல்லாத பாரம்

போன வியாழக்கிழமை ரெங்கம் பள்ளி வாசலில் என் பஸ்ஸுக்காக இருபத்தைந்து நிமிடம் வெயிலில் நின்ற பிள்ளைகளே... முதலில் மன்னிப்பு.

'பஸ் யாருக்காகவும் நிக்காது' என்று தினமும் காலையில் உங்களை விரட்டுகிறவன் நான். அன்று உங்களையே காக்க வைத்துவிட்டேன். "அங்கிள், டயர் பஞ்சரா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அது பொய். வேறு ஊர்களிலிருந்து இந்த மாணவர் பக்கத்தைப் படிக்கும் பிள்ளைகளும் உண்மையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று நான் வீட்டில் உட்கார்ந்து, கையெழுத்து போட வேண்டிய ஒரு விண்ணப்பப் பாரம் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பாரம் படிக்க அவ்வளவு நேரமா? மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதிலேயே பள்ளியை விட்டவனுக்கு ஆகும்.

என் மூத்த மகள் புவனாவுக்கு இருபத்தெட்டு வயது. குளுவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் எட்டு வருடமாகக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. நிரந்தர வேலை, மெடிக்கல் கார்டு, ஏர்கோன் ரூம். எங்கள் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் முதல் ஆள் அவள்தான்... பஸ் ஓட்டுகிற என்னைக் கணக்கில் சேர்க்காவிட்டால்!

அந்த வேலையை விட்டுவிட்டு சட்டம் படிக்கப் போகிறேன் என்றாள். கோலாலம்பூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. நான்கு வருடம், முழு நேரப் படிப்பு.

"அலமாக்! முப்பது வயசுல ஸ்கூல் பேக்கா?" என்று என் மனைவி சரோஜா தலையில் கை வைத்தாள். "நீ லாயர் கோட்டு போடுறதுக்குள்ள எனக்குக் கண்ணு தெரியாமப் போயிடும்லா!"

நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். வேணாம். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது.

படிப்புக் கடனுக்கு ஒரு பெஞ்சாமின் வேண்டும். அதாவது, ஜாமீன் கையெழுத்து போடும் ஆள். வியாழக்கிழமை இரண்டு மணிக்குள் பாரத்தைக் குளுவாங்கில் உள்ள கடன் ஆபீசில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கடன் இல்லை. கடன் இல்லாவிட்டால் படிப்பும் இல்லை.

அன்று பன்னிரண்டே காலுக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். புவனா லீவு போட்டிருந்தாள். நான் சாப்பிட்டுக் கை கழுவும் வரை காத்திருந்து, பாரத்தை மேசையில் வைத்தாள். நான்கு பக்கம்.

முடியாது என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் கை பழக்கம் விடுமா? பக்கங்களைப் புரட்டி பென்சில் குறியைத் தேடினேன்.

அது என்ன குறி என்கிறீர்களா? எங்களைப் போன்றவர்கள் எந்தப் பாரத்தையும் படிப்பதில்லை. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் கவுண்டரில் இருப்பவர் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பார். நாங்கள் அதன் மேல் எழுதிவிட்டு நன்றி சொல்லிவிட்டு வருவோம். என் பஸ் பெர்மிட், ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் வீட்டில் குறி போட்டுக் கொடுப்பவள் புவனாதான்.

இந்தப் பாரத்தில் குறி இல்லை.

"தேடாதீங்கப்பா. நான் போடல."

"ஏன்?"

"நான் நெனச்சிருந்தா போன வாரம் உங்க இன்சூரன்ஸ் பேப்பரோட சேத்து இதையும் வச்சிருப்பேன். நீங்களும் பேசாம சைன் போட்டிருப்பீங்க. இல்லையா?"

போட்டிருப்பேன் என்று ஒத்துக்கொண்டேன்.

"ஆபீஸ்லயும் எனக்கு இதான்பா வேலை. தமிழாளு, மலாய்க்காரங்க, பங்களாதேஷ் பையனுங்க... எல்லாருக்கும் குறி போட்டுக் கொடுக்கறது." அவள் குரல் இறங்கியது. "லெட்சுமி அக்காவ ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. அதே தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் பேக்கிங் வேலை பார்த்தவர். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவருவார்.

"போன வருஷம் மேலேருந்து ஒரு கட்டு லெட்டர் வந்துச்சு. சீக்கிரம் சைன் வாங்குன்னாங்க. நானும் படிக்காமலே எல்லாத்துலயும் குறி போட்டேன். அக்கா சிரிச்சிக்கிட்டே, 'போனஸாம்மா?'ன்னு கேட்டாங்க. தெரியலக்கான்னேன். சைன் போட்டாங்க. அது, நானே விருப்பப்பட்டு வேலைய விடுறேன்னு எழுதின லெட்டர்ப்பா."

சரோஜா கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

"மறுநாள் கவுண்டருக்கு வந்தாங்க. திட்டக்கூட இல்ல. 'நீ காட்டுன எடத்துலதானேம்மா போட்டேன்'னு மட்டும் சொன்னாங்க. என்ன செய்யலாம்னு எனக்கு ஒண்ணுமே தெரியல. யாருகிட்ட போகணும்னுகூடத் தெரியல. அதத் தெரிஞ்சிக்கத்தான்பா போறேன்."

பிறகு சொன்னாள். "இதுல உங்களுக்கும் ஆபத்து இருக்கு. படிச்சிப் பாருங்க. அப்புறமும் வேணாம்னா, நாளைக்கு வழக்கம்போல வேலைக்குப் போறேன். கோபப்பட மாட்டேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். சந்தையில் பேசுகிற பாசார் மலாய் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் இது சட்ட மலாய் பிள்ளைகளே... ஒவ்வொரு வரியும் ஒரு லோரி நீளம்! விரலை வைத்து வைத்துப் படித்தேன். புரியாத சொல்லைக் கேட்டேன். அவள் அர்த்தம் மட்டும் சொன்னாள். சைன் போடுங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மூன்றாவது பக்கத்தில் இருந்தது அந்த வரி. படிப்பு பாதியில் நின்றாலோ, அவளால் கட்ட முடியாமல் போனாலோ, கடன் முழுவதும் என் தலையில். அதை நான்கு தடவை படித்தேன். ஐம்பத்தாறு வயதில், ஒரு பழைய பஸ்ஸை வைத்துக்கொண்டு இதற்கு நான் ஜாமீனா?

"மணி ஒண்ணுங்க. பிள்ளைங்க வெளிய வந்திருவாங்க," என்றாள் சரோஜா.

"நிக்கட்டும். இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

கடைசி வரியையும் படித்து முடித்தேன். சரோஜாவுக்கு அந்த மூன்றாம் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "அந்த லெட்சுமி எத்தன தடவ நம்ம வீட்டுக்கு வந்திருக்கும்..." என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பேனாவை எடுத்தேன். "எங்கம்மா போடணும்?"

"படிச்சீங்கல்லப்பா. உங்களுக்கே தெரியும்."

தெரிந்தது. போட்டேன். பாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் குளுவாங்குக்குப் பறந்தாள். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது 'கொடுத்துட்டேன்பா' என்று மெசேஜ் வந்தது. அப்போது நான் உங்களிடம் பஞ்சர் கதை சொல்லி முடித்து, கடைசிப் பிள்ளையை இறக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலையை விடும் கடிதத்தைக் கொடுத்துவிட்டாள். அவளே எழுதி, மூன்று தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்து போட்ட கடிதம். எனக்குப் பயம் போய்விட்டதா? இல்லை. மூன்றாம் பக்கம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆனால் தெரிந்து பயப்படுவது வேறு, தெரியாமல் சிரிப்பது வேறு.

சீக்கிரம் உங்களுக்கும் பள்ளிச் சுற்றுலா பாரம் வரும். காலையில் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே, 'இங்க சைன் போடுங்கப்பா' என்று விரலைக் காட்டாதீர்கள். அப்பாவை உட்கார வைத்து முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு அர்த்தம் சொல்லுங்கள்.

நேரமானால் ஆகட்டும். அன்றைக்கு மட்டும் பஸ் நிற்கும்.